வானேறிய இஞ்சினும் வழுவாத மனமும்
(ஜே. ஆர். டி. டாட்டா வாழ்க்கை வரலாறு)

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்

நம் கல்வராயன் மலைக்குக் கச்சிராயப்பாளையம் வழியாக ஏறிச் செல்லும் வண்டி, ஏதேனும் ஒரு வளைவில் சூடேறி நின்றுவிட்டால் என்ன நடக்கும்? ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். ரேடியேட்டரின் மூடியைத் துணி போட்டுத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். பயணிகள் மர நிழலில் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு வண்டி மெல்ல உறுமிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒற்றை இஞ்சின் கொண்ட சிறிய விமானத்தின் இஞ்சின் ஐயாயிரம் அடி உயரத்தில் நின்றுவிட்டால்? அங்கே கல் வைக்கச் சாலையும் இல்லை. காத்திருக்க நிழலும் இல்லை. கீழே இறங்க இடம் தேட விமானிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

ஆகவேதான், தரையில் ஓடும் இஞ்சினுக்கு இல்லாத சட்டங்களும் சோதனைகளும் சான்றிதழ்களும் வானில் ஓடும் இஞ்சினுக்கு வேண்டியிருக்கின்றன. இவை யாவும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. உயிரைப் பணயம் வைத்துப் பறந்த பலருடைய அனுபவத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரண்டவை. அப்படிப் பறந்தவர்களுள் நம் நாட்டில் முதலிடம் பெறுபவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. ஜே. ஆர். டி. என்று நாடு அவரை அன்போடு அழைத்தது. அவரைத் தொழிலதிபர் என்றே நம்மில் பலரும் அறிவோம். இக்கட்டுரையில் அவரை விமானியாகக் காண முயல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜே. ஆர். டி. 1904-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பார்சி வகுப்பினர்; ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர். தாயார் சூசான் பிரான்சு நாட்டவர். திருமணத்திற்குப் பின் சூனி என்று பெயர் பெற்றார். பிரான்சின் வடகடலோரத்தில் ஹார்டலோ என்னும் ஊரில் அக்குடும்பத்துக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருந்தது. அங்கே அவர்களுக்கு அண்டை வீட்டாராக வாய்த்தவர் லூயி பிளேரியோ.

யார் இந்த பிளேரியோ? 1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த முதல் மனிதர். அவருடைய விமானத்தில் இருந்தது 25 குதிரைத்திறன் உள்ள, மூன்று உருளைகள் கொண்ட அன்சானி இஞ்சின். சற்று நேரம் தொடர்ந்து ஓடினாலே சூடேறிவிடும் இயல்பு அதற்கு உண்டு. சுமார் முப்பத்தேழு நிமிடம் அது நிற்காமல் ஓடியது பெரிய அதிர்ஷ்டம் என்றே கூறவேண்டும். வழியில் பெய்த தூறல்தான் அதைக் குளிர்வித்துக் காப்பாற்றியது என்று சொல்பவர்களும் உண்டு. அந்நாளில் இஞ்சினுக்குச் சான்றிதழ் வழங்க யாரும் இல்லை. விமானியின் துணிவும் மழையின் தயவுமே சான்றிதழ்.

அந்த பிளேரியோவின் விமானங்கள் கடற்கரை மணலில் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜஹாங்கீர் கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்தான். பதினைந்தாம் வயதில் விமானத்தில் ஏறிச் சிறிது நேரம் பறக்கும் வாய்ப்பும் கிட்டியது. தானும் விமானி ஆகவேண்டும் என்ற ஆசை அன்றே மனத்தில் வேரூன்றிவிட்டது.

எட்டாத பட்டம்

பிரான்சு, இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து என்று ஊர் ஊராக மாறியது அவருடைய பள்ளிப் படிப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால் 1925-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டார். டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிலுநராக அவர் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். இருபத்திரண்டு வயதில் குடும்பப் பொறுப்பு தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பு கனவாகவே முடிந்தது. பட்டம் பெறவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

இந்த இடத்தில் நான் சற்று நின்று எண்ணிப் பார்ப்பதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செல்வக் குடியில் பிறந்த ஒருவருக்கு எட்டாமற்போனது, நம் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியால் எட்டியிருக்கிறது. எனினும் அவர் ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை. தொழில்நுட்ப நூல்களைத் தாமே வாங்கிப் படித்தார். படிப்பு நின்றாலும் கற்பது நிற்கவில்லை.

முதல் எண் உரிமம்

பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டவுடன் அவர் அங்கே ஓடினார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அதன் எண் 1. தம் வாழ்வில் பெற்ற எத்தனையோ பட்டயங்களையும் பரிசுகளையும் விட இச்சிறு உரிமத்தையே அவர் பெரிதாகப் போற்றினார்.

அக்காலத்தில் விமானக் கழகங்களில் பெரிதும் புழங்கியது ஜிப்சி மாத் என்னும் இரட்டைச் சிறகு விமானம். இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் அதைத் தயாரித்தது. நான்கு உருளைகள் கொண்ட, காற்றால் குளிரும் ஜிப்சி இஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது. இந்த இஞ்சின் நம்பகமானது என்பதை மக்களுக்கு மெய்ப்பிக்க அந்நிறுவனம் ஒரு காரியம் செய்தது. ஓர் இஞ்சினை யாரும் பிரிக்க முடியாதபடி முத்திரையிட்டு, வழக்கமான சிறு பராமரிப்பு மட்டும் செய்து, 600 மணி நேரம் பறக்கவிட்டார்கள். பிறகு அதைப் பிரித்துத் தேய்மானத்தைப் பார்த்தார்கள். மாற்ற வேண்டியிருந்த உறுப்புகள் மிகச் சிலவே. இஞ்சினைப் பற்றி வாயால் புகழ்வதைவிட அதை நெடுநேரம் ஓடவிட்டுப் பிரித்துக் காட்டுவதே மேல் என்ற நெறி இதில் விளங்குகிறது. இன்றைய சான்றிதழ் முறைக்கும் அடிப்படை இதுவே.

அபூக்கிரில் ஒரு சந்திப்பு

இனி, ஜே. ஆர். டி.யின் வாழ்வில் என் மனத்தை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி, ஒரு மாத காலத்துக்குள் பயணத்தை முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். எந்தத் திசையிலும் பறக்கலாம். 1930-ஆம் ஆண்டு மே மாதம் ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கிக் கிளம்பினார். அவருக்கு எதிர்த்திசையில், இங்கிலாந்திலிருந்து கராச்சி நோக்கிப் பறந்து வந்தவர் ஆஸ்பி இன்ஜினியர் என்னும் பதினேழு வயது இளைஞர். மன்மோகன் சிங் என்ற மற்றொரு வீரரும் களத்தில் இருந்தார்.

எகிப்து நாட்டில் அலெக்சாண்டிரியாவுக்கு அருகே அபூக்கிர் என்னும் இடத்தில் ஜே. ஆர். டி. தரையிறங்கினார். அங்கே ஆஸ்பியும் இருந்தார். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று விசாரித்தபோது, அவருடைய இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்குகள் தேவைப்படுவது தெரிந்தது. மாற்றுப் பிளக் அவரிடம் இல்லை. அது வரும்வரை அவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஜே. ஆர். டி.யிடம் மாற்றுப் பிளக்குகள் இருந்தன. ஒன்றும் தெரியாதவர்போல் அவர் கிளம்பிப் போயிருந்தால் பரிசு அவருடையது. யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் தம் பெட்டியைத் திறந்து பிளக்குகளை எடுத்து ஆஸ்பிக்குக் கொடுத்தார். ஆஸ்பி அவற்றை மாட்டிக்கொண்டு பறந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தார். ஆனால் ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது. அந்த ஆஸ்பிதான் பிற்காலத்தில், 1960-ஆம் ஆண்டில், இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார்.

இதைப் பெருந்தன்மை என்று புகழ்வார்கள். பெருந்தன்மைதான். ஆனால் இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதில் இன்னொன்றையும் காண்கிறேன். பெட்ரோல் இஞ்சினில் பிளக் என்பது விரல் நீளமே உள்ள சிறு பொருள். அதன் முனையில் தோன்றும் பொறிதான் உருளைக்குள் இருக்கும் எரிவாயுக் கலவையைப் பற்றவைக்கிறது. அம்முனையில் எண்ணெய்ப் பிசுக்கோ கரியோ படிந்தால் பொறி தவறும், இஞ்சின் தடுமாறும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னது விமானத்துக்கும் பொருந்தும். பழுதான பிளக்கோடு பாலைவனத்தின் மேல் பறப்பது எத்தகைய ஆபத்து என்பது விமானிக்கே தெரியும். அதைத் தெரிந்தவர் தம் போட்டியாளரையும் அந்த ஆபத்தில் விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. வேகத்தில் போட்டியிடலாம்; பாதுகாப்பில் போட்டி கூடாது. வானூர்தித் துறையின் தலையாய அறத்தை இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், பாலைவன ஓரத்தில் நடத்திக் காட்டினார்.

கடிதம் சுமந்த விமானம்

நெவில் வின்சென்ட் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். இந்தியாவில் விமானத் தபால் நடத்தலாம் என்ற திட்டத்தோடு அவர் டாட்டா நிறுவனத்தை அணுகினார். இங்கிலாந்திலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து அதைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டுசெல்வதே திட்டம். ஜே. ஆர். டி. ஆர்வத்தோடு இதை ஏற்றார். இரண்டு இலட்ச ரூபாய் முதலீட்டில், இரண்டு சிறிய விமானங்களோடு டாட்டா விமானத் தபால் பணி தொடங்கியது.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை ஜே. ஆர். டி. கராச்சியில் விமானம் ஏறினார். விமானத்தின் பெயர் புஸ் மாத். 120 குதிரைத்திறன் கொண்ட ஜிப்சி இஞ்சின் ஒன்றே ஒன்று. வழிகாட்ட வானொலி கிடையாது. ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் மாட்டு வண்டியில் தகரங்களில் வந்தது. நண்பகல் தாண்டி ஜுஹூவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். இந்தியாவின் பயணிகள் விமானப் போக்குவரத்துக்கு வித்திட்ட நாள் அது.

ஜுஹூவில் அன்று இருந்தது சேற்றுத் தரை, பக்கத்தில் கடல். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிவிடும். அப்போது புனாவுக்கு மாறிக்கொள்வார்கள். ஓலை வேய்ந்த கொட்டகையே அலுவலகம். இந்த நிலையிலும் முதல் ஆண்டில் அவர்கள் 1,60,000 மைல் பறந்தார்கள். 155 பயணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் கொண்டுசேர்த்தார்கள். பருவமழையிலும் தபால் காலம் தவறவில்லை என்று அரசின் விமானத்துறையே பாராட்டியது.

இவ்வளவு எளிய வசதிகளோடு ஒற்றை இஞ்சினை நம்பி எப்படிப் பறந்தார்கள்? கொட்டகை ஓலையாக இருந்தாலும் அதற்குள் நடந்த பராமரிப்பு ஓலைத்தனமாக இருந்திருக்க முடியாது. மழையும் புழுதியும் இஞ்சினின் பகைவர்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அதைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கின் எண்ணெய்க் கைகளை நம்பித்தான் விமானி ஏறுகிறான். வரலாறு விமானியின் பெயரை நினைவில் வைக்கிறது. மெக்கானிக்கின் பெயரை மறந்துவிடுகிறது.

சிறிய தாங்கி சொன்ன பாடம்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜே. ஆர். டி. ஓட்டிய அதே புஸ் மாத் வகை விமானங்கள், உலகின் பல பகுதிகளில் வானிலேயே சிறகு முறிந்து விழுந்தன. 1930-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இத்துயரம் அடுத்தடுத்து நேர்ந்தது. அவ்விமானங்கள் யாவும் முறைப்படி சான்றிதழ் பெற்றவையே. அப்படியானால் சான்றிதழ் பொய்யா?

பொய்யன்று, முழுமையற்றது. சோதனையில் வெளிப்படாத குறை அன்றாடப் பயணத்தில் வெளிப்பட்டது. விழுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். சிறகைத் தாங்கும் கம்பிக்குக் கூடுதல் விறைப்புத் தேவை என்று கண்டு, அதனோடு ஒரு சிறிய தாங்கியைச் சேர்த்தார்கள். அத்திருத்தம் அவ்வகை விமானங்களுக்கெல்லாம் பொதுவாயிற்று. ஓரிடத்தில் செத்தவர்களின் இழப்பு, வேறோரிடத்தில் பறப்பவர்களின் காப்பாயிற்று.

அபூக்கிரில் ஒருவர் மற்றவருக்குப் பிளக் கொடுத்ததும், இங்கே ஒரு விபத்தின் பாடம் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. வானில் எவனுடைய குறையும் அவனுடையது மட்டும் அன்று.

சான்றிதழ் என்பது என்ன?

நம் மாணவ நண்பர்களுக்காக இதைச் சுருக்கமாக விளக்குகிறேன். சிறிய விமானத்தின் இஞ்சினுக்கு மூன்று படிகளில் காவல் உண்டு.

முதற்படி, வகைச் சான்றிதழ். ஓர் இஞ்சினின் வரைபடமும் உலோகமும் செய்முறையும் ஆராயப்படுகின்றன. பிறகு அது சோதனை மேடையில் ஓட்டப்படுகிறது. பிஸ்டன் இஞ்சினுக்கு அமெரிக்க விதிகளின்படி தாங்குதிறன் சோதனை 150 மணி நேரம். முழுத் திறனிலும் குறைந்த திறனிலும் மாறி மாறி ஓட்டி, இறுதியில் முழுவதும் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்க்கிறார்கள். ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பிளக்குகள், தனித்தனியே இரண்டு மின் சுற்றுகள் என்பதும் விதி. பழைய பிஸ்டன் இஞ்சின்களில் இம்மின்சாரத்தை மாக்னெட்டோ என்னும் கருவி தருகிறது. காந்தம் சுழல்வதால் மின்சாரம் பிறக்கிறது என்று நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் பாரடேயின் தத்துவமே அது. பாட்டரி செத்தாலும் பொறி சாகாது. ஒரு மாக்னெட்டோ பழுதானாலும் மற்றொன்று இஞ்சினை ஓட்டும். ஒவ்வொரு முறையும் தரையை விட்டு எழும்பு முன், விமானி ஒன்றை நிறுத்தி மற்றொன்றால் ஓட்டிப் பார்க்கிறார். பிறகு மாற்றிப் பார்க்கிறார். சுழற்சி அளவுக்கு மீறிக் குறைந்தால் அன்று பயணம் இல்லை.

இரண்டாம் படி, பறக்கும் தகுதிச் சான்றிதழ். வகை நல்லதாக இருந்தால் போதாது. இந்தத் தனி விமானம் அவ்வகைக்கு ஒத்திருக்கிறதா, பறக்கத் தகுந்த நிலையில் உள்ளதா என்று பார்ப்பது இது. மூன்றாம் படி, இடைவிடாத பராமரிப்பு. குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை; நெடுநேரம் ஓடியபின் முற்றிலும் பிரித்துப் புதுப்பித்தல்; ஒவ்வொன்றையும் இஞ்சினின் பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிடுதல். உலகில் எங்கேனும் ஒரு குறை கண்டால், அவ்வகை இஞ்சின் வைத்திருப்போர் அனைவரும் அதைச் சரிசெய்யக் கட்டாய ஆணை பிறப்பிக்கப்படும்.

நம் நாட்டில் 1934-இல் வானூர்திச் சட்டமும் 1937-இல் வானூர்தி விதிகளும் வந்தன. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை நாடுகளை ஒரே நெறியில் இணைத்தது. அதன் எட்டாம் இணைப்பு விமானத்தின் பறக்கும் தகுதியைப் பற்றியது. பழைய 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இவற்றைக் கண்காணிக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்னும் இரு இருக்கைப் பயிற்சி விமானத்துக்கு இந்த இயக்ககம்தான் 2000-ஆம் ஆண்டில் வகைச் சான்றிதழ் வழங்கியது. அதன் ரோட்டாக்ஸ் இஞ்சினுக்கும் நான்கு உருளைகள், எட்டு பிளக்குகள். எழுபது ஆண்டு கடந்தும் அந்த இரட்டைக் காவல் மாறவில்லை.

உயர்வும் இழப்பும்

1938-ஆம் ஆண்டில் ஜே. ஆர். டி. தம் முப்பத்து நான்காம் வயதில் டாட்டா நிறுவனங்களின் தலைவரானார். டாட்டா விமானப் பணி 1946-இல் ஏர் இந்தியா என்ற பெயர் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மலபார் பிரின்சஸ் என்னும் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. சுதந்திர இந்தியாவின் கொடி தாங்கிய விமானம் கண்டம் தாண்டியது. 1953-இல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. வருத்தம் இருந்தும், அரசின் அழைப்பை ஏற்று ஏர் இந்தியாவின் தலைவராக 1978 வரை அவர் பணியாற்றினார். தாம் பயணம் செய்யும் விமானங்களில் திரைச்சீலை முதல் தேநீர் வரை உற்று நோக்கிக் குறிப்பெழுதி அனுப்புவது அவர் வழக்கம். இன்றைக்குத் தேநீரில் அசட்டையாக இருப்பவன் நாளைக்கு வேறெதிலும் அசட்டையாக இருக்கலாம் அல்லவா?

இவ்வளவு கவனத்தையும் மீறி இழப்புகள் வந்தன. பெருமையோடு பறந்த அதே மலபார் பிரின்சஸ் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24-ஆம் நாள் அதே மலையில் ஏர் இந்தியாவின் மற்றொரு விமானம் மோதி 117 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 1945-இல் அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய பாபா, ஜே. ஆர். டி.யின் நெருங்கிய நண்பர். இயற்பியல் படிக்கும் எங்களுக்கெல்லாம் பாபா வழிகாட்டி. நண்பரை இழந்த துயரையும், இழந்தது தம் நிறுவனத்தின் விமானத்தில் என்ற துயரையும் அவர் ஒருசேரச் சுமந்தார்.

இவ்விபத்துகளில் இஞ்சின் குற்றவாளி அல்ல. நல்ல இஞ்சின் மட்டும் உயிரைக் காத்துவிடாது. எங்கே இருக்கிறோம் என்பதை அறியும் கருவியும், தரையிலிருந்து வரும் தகவலும், கேட்பவரின் விளக்கமும் ஒன்றுசேர வேண்டும். பாதுகாப்பு என்பது சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் அது சங்கிலி அன்று.

எழுபத்தெட்டு வயதில்

தம் முதல் பயணத்தின் நினைவாக 1962-ஆம் ஆண்டு அதே பாதையில் ஜே. ஆர். டி. மீண்டும் பறந்தார். இருபது ஆண்டு கழித்து, 1982 அக்டோபர் 15-ஆம் நாள், பொன்விழா வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஏர் இந்தியாவின் தலைமைப் பொறுப்பு அவரை விட்டுப் போயிருந்தது. இதயமும் முன்போல் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

கராச்சியிலிருந்து ஜுஹூவுக்கு அவர் தாமே ஓட்டி வந்தது லெப்பர்டு மாத் என்னும் சிறிய விமானம். 1930-களில் உருவான வகை. ஒற்றை ஜிப்சி இஞ்சின். கிழட்டு விமானம், கிழ விமானி என்று நகைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஐம்பது ஆண்டுப் பழமை உள்ள இஞ்சின் கடலோரமாக அவ்வளவு தூரம் பிசகாமல் ஓடியது எதனால்? அதைத் தொட்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில் தேய்ந்ததை மாற்றி, மாற்றியதை எழுதி, எழுதியதற்குக் கையொப்பமிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்ததால்தான். இஞ்சினின் வயது அதன் பிறந்த நாளில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. இளைஞர்களிடம் குறைந்துவரும் துணிவையும் ஆர்வத்தையும் தூண்டவே இப்பயணம் என்பது அவருடைய எண்ணம்.

1992-ஆம் ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்துப் பெருமை கொண்டது. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவா நகரில் அவர் இயற்கை எய்தினார். பிறந்த நகரமாகிய பாரிஸிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வளர்த்த ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்து சேர்ந்தது.

நாம் கற்க வேண்டியது

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ஆனால் விமானத்துறைக்கு விமானிகள் மட்டும் போதாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேரலாம். தேர்வு எழுதி உரிமம் பெறலாம். மரவள்ளியும் கரும்பும் விளையும் நம் ஊர்களில், ஆயில் இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் கைகள் பல உண்டு. அக்கைகளின் பிள்ளைகளுக்கு இந்தத் துறை அந்நியமானதன்று. அக்கையறிவோடு ஏட்டறிவும், எழுதிவைக்கும் ஒழுங்கும் சேர வேண்டும்; அவ்வளவே.

இன்னும் ஓராண்டில் நாம் பட்டம் பெறுவோம். என் வீட்டில் அது முதல் பட்டம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மாட்டட்டும். ஆனால் ஜே. ஆர். டி.யின் வாழ்வைப் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பட்டம் என்பது நமக்குக் கிடைக்கும் வகைச் சான்றிதழ். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சோதனையில் தேறினோம் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதன்பின் நாள்தோறும் நம்மை நாமே திறந்து பார்த்துத் தேய்ந்ததை மாற்றாவிட்டால், அச்சான்றிதழ் பேசாது. பட்டமே இல்லாத ஜே. ஆர். டி. எழுபத்தெட்டு வயதிலும் பறக்கும் தகுதியோடு இருந்தார். அந்தத் தகுதியை நாமும் தேடுவோம். தேடும் வழியில் இடையில் ஒருவன் பிளக் இல்லாமல் நின்றிருந்தால், நம் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவோம்.